அழகுத் தேமல்

முத்தியால்பேட்டை,
14.9.2025

பூர்ணிமாவுக்கு,

முதலில் "அன்புள்ள" என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் என்னைப் பேச விடுவார். நான் சொல்லப்போவது அம்மா கேட்கக்கூடியது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பிறந்தநாளுக்கு அத்தா என்னை ஸ்கூட்டரில் லாஸ்பேட்டைக்கு அழைத்து வந்தார். நீங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன பிறகு நான் வருவது அதுதான் முதல் தடவை. படியேறும்போதே உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்காகத்தான் காத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பக்கத்தில் உன் புதுப் பள்ளித் தோழி ஓதீல் உட்கார்ந்திருந்தாள். உன் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முழங்கைக்கு மேலே இருக்கும் அந்த வெளிறிய வட்டத்தைச் சுற்றிக் கறுப்புப் பேனாவால் இதழ் இதழாக வரைந்துகொண்டிருந்தாள். வட்டம்தான் பூவின் நடு. அதில் புள்ளிகளும் வைத்தாள். உன் அஞ்சலாட்சி அத்தை வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார். "இது அழகுத் தேமலு. லட்சணமா ஆவப்போற பொண்ணுக்குத்தான் இப்பிடி விழும். எல்லாருக்கும் வராது" என்றார். ஓதீல் "த்ரே ஜோலி" என்றாள், ரொம்ப அழகு என்று அர்த்தமாம். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதை நீ அன்று எத்தனை பேரிடம் சொன்னாய் என்று உனக்கே தெரியாது.

எனக்கும் தோலில் ஒன்று வந்திருக்கிறது. கழுத்தில், துப்பட்டாவுக்கு அடியில். அதற்குப் பெயர் படர்தாமரை. பெயரில் மட்டும்தான் தாமரை. ராத்திரியெல்லாம் அரிக்கிறது. அதை யாரும் அழகு என்று சொல்லவில்லை.

உன் கையில் வரைவது என் வேலை. ஒவ்வொரு பெருநாளுக்கும் முந்தின நாள் நீ எங்கள் வீட்டுக்கு வந்து கையை நீட்டுவாய். நான்தான் மருதாணி போடுவேன். அதை நீ மறந்துவிட்டாய்.

கேக் வெட்டும்போது நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன். அந்தப் பூவின் நடுவில் நகத்தால் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். நீ திரும்பக்கூட இல்லை. ஓதீலின் வாயில் கேக்கை ஊட்டிக்கொண்டிருந்தாய். நீ கத்தியிருந்தால், திரும்பி என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூட நான் இருந்து சாப்பிட்டிருப்பேன். நான் கிள்ளியதைக்கூட மதிக்காத இடத்தில் எனக்கு என்ன வேலை என்றுதான் சொல்லாமல் கிளம்பினேன்.

மரீஹா

*

லாஸ்பேட்டை,
19.9.2025

அன்புள்ள மரீஹா,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

நீ எப்போதடி கிள்ளினாய்? உன் நகம் எனக்குத் தெரியாதா? நாலாம் வகுப்பில் ரப்பருக்காகக் கிள்ளினாயே, அன்று நான் போட்ட கத்தலில் தலைமையாசிரியரே ஓடி வந்தார். இப்போது கிள்ளியிருந்தால் இங்கே விமான நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். கிள்ள வேண்டும் என்று நினைத்திருப்பாய். நினைத்ததையே செய்ததாக எழுதுகிறாய். நிறையப் புத்தகம் படித்தால் இப்படித்தான் ஆகும்.

கேக்கை உனக்கென்று எடுத்து வைத்து, ராத்திரி வரைக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்கா தின்றுவிட்டாள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் என்னிடம் யாரும் பேசவில்லை தெரியுமா? மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓதீல்தான் தானாக வந்து, "இங்க உக்காரவா?" என்று கேட்டாள். உனக்கு முத்தியால்பேட்டையில் தெரு முழுக்க ஆள் இருக்கிறார்கள். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? அவளும் வேண்டாம் என்றால் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

உனக்குப் பொறாமை. ஓதீல் மேல் பாதி, தேமல் மேல் பாதி. தேமல் இப்போது இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். உன்னுடையதைப் போல அரிப்பு, எரிச்சல் எதுவும் கிடையாது. இருப்பதே தெரியவில்லை. போதுமா?

நீ பரிசாகக் கொடுத்த புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தேன். மீதியை நீ வந்து சொல்லு.

பூர்ணிமா

*

முத்தியால்பேட்டை,
28.9.2025

பூர்ணிமாவுக்கு,

நான் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது என் கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பு மை இருந்தது. ஓதீல் வைத்த புள்ளிகளின் மை. கிள்ளாமல் அது எப்படி வரும்?

உன் கடிதத்தில் "இருப்பதே தெரியவில்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் கோபத்தோடு படித்தேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், அவசரப்பட்டுக் கிழித்துவிடாதே.

என் படர்தாமரைக்கு அம்மா மெடிக்கல் கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தார். தடவிய சில நாளில் சிவப்பு அடங்கியது. விட்டதும் இரண்டு மடங்காகி, தோள் வரைக்கும் வந்துவிட்டது. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். வரிசையில் எத்தனை விதமான தோல்கள் என்று நினைக்கிறாய். பரு வெடித்த அண்ணன்கள், தலையெல்லாம் பொடுகு உதிரும் ஒரு பாட்டி, விரலிடுக்கில் சிரங்கோடு ஒரு குடும்பமே வந்திருந்தது. டாக்டரம்மா என் களிம்பைப் பார்த்ததும், "இது பூஞ்சைக்குத் தீனி போடுற களிம்பும்மா. மேல அடங்கின மாரி காட்டிட்டு உள்ள வளத்துவுடும். ரெண்டு வாரத்துல போவாத எதையும் கடையில கேட்டு வாங்கித் தடவாதீங்க, இங்க வாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்தக் குழாயை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

காத்திருந்தபோது சுவரில் இருந்ததையெல்லாம் படித்தேன். ஒரு படத்தின் கீழே, "சிவந்த அல்லது வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல்" என்று எழுதியிருந்தது. உணர்ச்சியற்ற என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எனக்கு நகத்து மை நினைவுக்கு வந்தது.

உள்ளே போனதும் நான் கேட்டேன்: "கிள்ளினா தெரியாத தேமல் இருக்குமா டாக்டர்?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு."

"சாதாரணத் தேமலு சொரண்டினா மாவு மாரி உதிரும். தொட்டா தெரியும், கிள்ளினா வலிக்கும். வலிக்கலன்னா கூட்டிட்டு வா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கூட்டிட்டு வா."

அந்தப் படத்தின் மேலே எழுதியிருந்த பெயரை நான் எழுதித்தான் ஆக வேண்டும். தொழுநோய். மாத்திரையில் குணமாகிவிடும் என்றும் அதே சுவரில் எழுதியிருந்தது. தயவுசெய்து உன் அம்மாவிடம் சொல்லு.

மரீஹா

*

லாஸ்பேட்டை,
3.10.2025

மரீஹா,

எங்கள் வீட்டுக்கு அந்த வார்த்தையை எழுதி அனுப்பியிருக்கிறாய். கடிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்துக் கழிவறையில் போட்டு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

அக்காவைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். அம்மா புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள். இந்த நேரத்தில் நான் போய், "எனக்குப் பெருவியாதி இருக்கலாம்னு மரீஹா சொல்றா" என்று சொல்ல வேண்டுமா? வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அக்கா என்னைக் காலத்துக்கும் மன்னிக்க மாட்டாள்.

யாரோ என்னை அழகு என்று சொன்னது உனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் எப்போதும் நீ முதல், டீச்சர்களுக்கெல்லாம் நீ செல்லம். எனக்கென்று ஒரே ஒரு வட்டம் வந்தது. அதையும் நோய் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய்.

பதில் எழுதாதே.

பூர்ணிமா

*

முத்தியால்பேட்டை,
8.10.2025

அன்புள்ள பூர்ணிமா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. எனக்குப் பொறாமைதான். உன் அத்தை அழகுத் தேமல் என்று சொன்னபோது, அது என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று என் கையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஓதீல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கழுத்தில் அரிக்கிறது. பஸ்ஸில் யாராவது பிரெஞ்சில் பேசினாலும் கோபம் வருகிறது. இதையெல்லாம் மறைக்கப்போவதில்லை.

ஆனால் பொறாமைக்காரி சொன்னால் உன் கைக்கு உணர்ச்சி வந்துவிடுமா? பொறாமை இல்லாதவளாக இருந்தால் நான் கிள்ளியே இருக்க மாட்டேன். ஓதீல் பூ வரைந்தாள், அத்தை பாராட்டினார், எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். பிடிக்காமல் தொட்டவள் நான் ஒருத்திதான். அதனால்தான் எனக்கு மட்டும் தெரிந்தது.

என்னை நம்ப வேண்டாம். ஓதீலை நம்புகிறாய் அல்லவா? அவளிடமே கேட்டுப் பார். கண்ணை இறுக்க மூடிக்கொள். கொஞ்சம் பஞ்சை எடுத்து அவளைத் தொடச் சொல். வட்டத்துக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, வரிசை மாற்றி மாற்றி. தொட்டதும் நீ விரலால் அந்த இடத்தைக் காட்டு. எல்லாவற்றையும் சரியாகக் காட்டிவிட்டால் எனக்கு ஒரு வரி எழுது. நான் லாஸ்பேட்டைக்கு வந்து, உன் அத்தை முன்னாலும் ஓதீல் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அவள் பிரெஞ்சில் கேட்கச் சொன்னாலும் கற்றுக்கொண்டு கேட்கிறேன்.

உன் கையை அவளிடம் கொடு என்று நானே எழுத வேண்டி வந்துவிட்டது. இந்த ஒரு பத்தியை எழுதப் பேனாவை எத்தனை முறை மூடினேன் என்று உனக்குத் தெரியாது.

அன்புள்ள,
மரீஹா

*

லாஸ்பேட்டை,
24.10.2025

மரீ,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஓதீல் வந்தபோது மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். விளையாட்டு என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தொடத் தொட நான் காட்டினேன். பிறகு அவள் தொடுவதையே நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி, தொடு" என்றேன்.

"தொட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு வட்டத்தின் மேல்தான் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது.

ஓதீல் அவள் அம்மாவிடம் சொல்ல, அவர் வந்து என் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். மறுநாள் காலையில் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓதீலும் வந்தாள். நீ பார்த்த அதே டாக்டரம்மாவாகத்தான் இருக்க வேண்டும். பஞ்சு, பேனா முனை என்று வைத்துப் பார்த்தார். முழங்கை நரம்பை அழுத்தினார். விரல்களை விரிக்கச் சொல்லித் தன் கையால் எதிர்த்துத் தள்ளினார். "அழகுத் தேமலா? யாரு வெச்ச பேரு இது?" என்று கேட்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ எழுதிய அதே பெயர்தான். ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். இன்னும் விட்டிருந்தால் நரம்பு போய் விரல் மடங்கியிருக்குமாம். ஆறு மாதம் மாத்திரை. எல்லாம் இலவசம். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, பள்ளிக்கூடம் போ, எல்லோரோடும் சாப்பிடு என்றார். தோல் கொஞ்சம் கறுக்கலாம், பிறகு பழையபடி ஆகிவிடும் என்றார். முதல் மாத்திரை போட்ட அன்று ஒன்றுக்குச் சிவப்பாகப் போய், நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மா கதவைத் தட்டி, "மாத்திரக் கலருடி அது, டாக்டரு சொன்னாங்கல்ல" என்று கத்திய பிறகுதான் வெளியே வந்தேன்.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இதுக்குப் பயந்து திரும்பிப் போறவன் எனக்கு வேணாம்" என்றாள். அப்பா அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

வீட்டில் எல்லோரையும், ஓதீலையும் பரிசோதித்து, முன்னெச்சரிக்கையாக ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கும் எதுவும் இல்லை.

நீ கிள்ளியிருக்கிறாய். நான்தான் பொய் என்று சொன்னேன்.

பூர்ணிமா

*

முத்தியால்பேட்டை,
29.10.2025

அன்புள்ள பூர்ணிமா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வரியை மட்டும் திரும்பப் படித்தேன். கறுத்தால் கறுக்கட்டும். நான் பிறந்ததிலிருந்தே கறுப்புதான், ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஓதீல் அழுதாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் மட்டும் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். யாரையெல்லாம் பரிசோதிப்பார்கள் என்று சுவரில் போட்டிருந்ததை நான் படித்திருக்கிறேன். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களை. யார் நெருக்கம் என்று உன்னிடம் கேட்டிருப்பார்கள். நீ வீட்டாரைச் சொன்னாய். ஜூனில் வந்த ஓதீலைச் சொன்னாய். என் பெயரைச் சொல்லவில்லை.

உன்னோடு ஒரே பெஞ்சில் எட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். உன் ரிப்பன் என் தலையிலும், என் ரிப்பன் உன் தலையிலும் இருந்திருக்கிறது. அந்த மாத்திரை அவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போனது எனக்குத் தாங்க முடியவில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் தாங்க முடியவில்லை.

மரீஹா

*

லாஸ்பேட்டை,
3.11.2025

மரீ,

உலகத்தில் மாத்திரைக்குப் பொறாமைப்படும் ஆள் நீ ஒருத்திதான். கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு.

நர்ஸ் கேட்டார்தான். "வேற யாரு கூட நெறைய இருப்ப?" என்றார். உன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. ஓதீல் பக்கத்திலேயே நின்றாள், அவளை மறைக்க முடியாது. உன்னை மறைக்க முடிந்தது, மறைத்துவிட்டேன்.

பெருநாளைக்கு உங்கள் வீட்டில் ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, உன் அம்மாவும் நீயும் நானும் கைபோட்டுச் சாப்பிடுவோம். கறித்துண்டையெல்லாம் உன் அம்மா என் பக்கமே தள்ளுவார். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அந்தத் தட்டை நினைத்துப் பார்ப்பார். என் கை அதில் இருந்ததை நினைப்பார். இங்கே கீழ் வீட்டுக்காரர்கள் இப்போது நான் இறங்கினால் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் செய்தால் செய்யட்டும். உன் அம்மா செய்தால் எனக்குத் தாங்காது.

சொல்லாமலே இருந்துவிடு மரீ. உன்னை நெருக்கம் இல்லை என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை.

பூர்ணிமா

*

முத்தியால்பேட்டை,
8.11.2025

அன்புள்ள பூர்ணிமா,

சொல்லிவிட்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கிள்ளியதிலிருந்து, உன் மாத்திரை வரைக்கும். நோயின் பெயரையும் சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார். பயந்துவிட்டார், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள ஒழுங்கா சாப்புடுதா?"

"தெரியலம்மா."

"அது எதுக்கு உன் பேர மறைச்சிதாம்?"

"நீ மூஞ்சி சுளிப்பேன்னு."

அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார். "எம் மூஞ்சிய அது எட்டு வருசமா பாக்குது. இன்னும் படிக்கத் தெரியல பாரு. நீ இன்னாத்தப் புஸ்தகம் குடுத்தியோ" என்றார்.

இன்று காலையில் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் இருந்த அறைக்கு நானே போய், "பூர்ணிமாவுக்கு நெருக்கமானவங்கள்ல என் பேர் விட்டுப்போச்சு, நான் மரீஹா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் எம் பேரு வேணாம்பாங்க. நீ தேடி வர்ற. எத்தினி வருசப் பழக்கம்?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து."

என் தோலை முழுதாகப் பார்த்தார். எதுவும் இல்லை, படர்தாமரையும் ஆறிக்கொண்டு வருகிறது. அம்மாவையும் பார்த்தார். இருவருக்கும் மாத்திரை கொடுத்து, தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். நான் விழுங்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "இது மெதுவா வர்ற வியாதி. நேத்து வந்தவங்களவிட, வருசக்கணக்கா கூட இருந்தவங்களத்தான் முக்கியமா பாக்கணும். அந்தப் பொண்ணு வூட்டாளுங்கள வுட்டா, மொதல்ல நீதாம்மா வந்திருக்கணும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, அவர் அதே வார்த்தைகளை உரக்கச் சொன்னார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. இதைத் தபாலில் போடாமல் நானே கொண்டு வருகிறேன். அம்மாவும் வருகிறார், கறி சமைத்து எடுத்துக்கொண்டு. ஓதீலையும் வரச் சொல். நர்ஸ் சொன்னதை அவளிடம் நானேதான் சொல்ல வேண்டும்.

அன்புள்ள,
மரீஹா